மறுக்கவில்லை

மயில்சாமி ‘இல்லை’ என்று சொன்னது அவருடைய கைபேசியில் தெளிவாக இருந்தது. விசாரணையின் முடிவுரையில் அது காணாமல் போயிருந்தது.

முடிவுரை மத்தியானம் வந்தது. சாயக் கழிவுநீர் ஆலையின் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் லாரி வந்து நின்ற நேரம். குடத்தைக் காலால் நகர்த்திக்கொண்டு வரிசையில் நின்றவருடைய சட்டைப் பையிலிருந்து அந்தக் குரல் பேசியது. சத்தத்தைக் குறைக்கத் தெரியாமல் அவர் விரல் தடுமாற, வரிசை முழுக்கக் கேட்டது.

“நாச்சிமுத்து என்பவர் நான்காம் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி இறந்தது தொடர்பாக, உடன் பணியாற்றிய மயில்சாமியின் வாக்குமூலம் பரிசீலிக்கப்பட்டது. கயிறு இல்லாமல் இறங்கலாம் என்று தாம் சொன்னதையும், நாச்சிமுத்து இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் அவர் மறுக்கவில்லை. மரணத்துக்கு அவரே பொறுப்பு. கோப்பு வெள்ளிக்கிழமை நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். நன்றி.”

அந்த இயந்திரக் குரலுக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஆலைகளிலும் குவாரிகளிலும் எல்லாரும் அக்கா என்றே சொன்னார்கள். வேலை செய்யும் இடத்தில் ஒருவன் செத்தாலோ கை கால் போனாலோ போலீஸ் விசாரிப்பதில்லை, அக்கா விசாரிப்பாள். நடந்தது என்ன என்று அவள் எழுதினால் அதுதான் நடந்தது. எத்தனை வருஷம் உள்ளே போடுவது என்பது மட்டும்தான் கோர்ட்டின் வேலை. இந்தச் சட்டம் வேண்டும் என்று கொடி பிடித்து ஊர்வலம் போனதே சங்கங்கள்தான். அதற்கு முன்னால் ஸ்டேஷனில் ஏட்டு எழுதியதுதான் வாக்குமூலம். அக்கா கூலிக்காரனைத் திட்டமாட்டாள், நிற்க வைக்கமாட்டாள், காசு கேட்கமாட்டாள். ‘எம் பொண்டாட்டிகூட இவ்வளவு பொறுமையாக் கேட்டதில்லீங்க’ என்று கை போன ஒருவர் சொன்னது ஆலையெல்லாம் பரவிய சிரிப்பு.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் மயில்சாமிக்கு முன்னால் இருந்தவனும் பின்னால் இருந்தவனும் ஆளுக்கு ஓரடி தள்ளி நின்றார்கள்.

நாச்சிமுத்துவின் மனைவி தெய்வானை குழாய்ப் பக்கம் நின்றிருந்தாள். பாதி நிறைந்த குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

“ஏனுங்ண்ணா, சாவு வூட்டுல பந்தக்காலை நீங்கதான நட்டீங்க? பாடையை நீங்கதான தூக்குனீங்க?”

“தெய்வானை, நான் அப்படிச் சொல்லவே இல்லம்மிணி. கயிறு வரட்டும் இருடான்னு சொன்னேன். அவந்தான் டீ சொல்லி வையி, வந்தர்றேன்னு எறங்குனான்.”

“செத்தவன் வந்து இல்லீன்னு சொல்லப்போறானா.”

“சத்தியமா அம்மிணி.”

“போலீசு பொய் சொல்லும். கம்பெனிக்காரன் பொய் சொல்லுவான். நீங்களும் சொல்லுவீங்க, உசுருக்குப் பயந்து. அக்காளுக்கு எதுக்குங்க பொய்?”

மயில்சாமி வரிசையை விட்டு விலகினார். தண்ணீர் பிடிக்காமலே வீட்டுக்கு வந்து தங்கைக்குப் போன் போட்டார்.

தங்கை பூங்கோதை கோயமுத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தாள். அக்காவுக்குப் போகும் வாக்குமூலங்களை வாங்கி, சுத்தம் செய்து, அனுப்புகிற வேலையை அரசாங்கம் அந்தக் கம்பெனியிடம்தான் விட்டிருந்தது. அண்ணன் கூப்பிட்டதும் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நகங்கள் எப்போதும் கருநீலம். சோப்புக்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது.

“அவ என்ன கேட்டா, நீ என்ன சொன்ன? அப்படியே சொல்லுண்ணா.”

“கம்பெனி கயிறு குடுத்துச்சான்னா. இல்லீங்கன்னேன். கயிறில்லாம எறங்கலாம்னு நீங்க சொன்னீங்களான்னா. இல்லீங்கன்னேன். அவன் எறங்குனதைப் பாத்தீங்களான்னா. ஆமாங்கன்னேன். பாத்தேனில்ல? பக்கத்துல நின்னுட்டுப் பாக்கலீன்னு சொல்ல முடியுமா?”

கைபேசியை நீட்டினார். அவர் கைநாட்டு வைத்த பக்கம். அக்காவின் கேள்விகள் நீலத்தில், அவருடைய பதில்கள் கறுப்பில்.

*கம்பெனி கயிறு கொடுத்ததா*
இல்லை
*கயிறு இல்லாமல் இறங்கலாம் என்று நீங்கள் சொன்னீர்களா*
இல்லை
*நாச்சிமுத்து இறங்கியதைப் பார்த்தீர்களா*
ஆமாம்

“படிச்ச புள்ள நீ. இதுல எங்க நான் ஒத்துக்கிட்டேன், காட்டு பாக்கலாம்.”

“எங்கயும் இல்லண்ணா.”

“அப்பறம் எப்படி?”

“ஆபீஸ் போய்ப் பாக்கறேன். நீ எங்கயும் போயிறாத.”

“எங்க போறது? டீக்கடைக்குக்கூடப் போக முடியல.”

மறுநாள் காலையில் ஆபீசில் அவள் செய்த முதல் வேலை, அண்ணனின் பக்கம் அக்காவின் கைக்கு எந்த வடிவில் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தது. அதை அப்படியே ஒரு தாளில் அச்செடுத்தாள். பிறகு எழுந்து போய் பெனடிக்ட்டின் மேஜை முன் நின்றாள். பெனடிக்ட் அவளுடைய மேலதிகாரி. தூத்துக்குடிக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். அவளை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான்.

“சார், இதைச் சத்தமா வாசிங்க.”

“என்ன இது?”

“வாசிங்க சார்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். “கம்பெனி கயிறு கொடுத்ததா, இல்லை கயிறு இல்லாமல் இறங்கலாம் என்று நீங்கள் சொன்னீர்களா, இல்லை நாச்சிமுத்து இறங்கியதைப் பார்த்தீர்களா? ஆமாம்.” நிறுத்தினார். “யார் கேட்ட கேள்வி இது? ஒரே மூச்சில மூணு கேள்வியா? ஆமாம்னா எதுக்கு ஆமாம்?”

“எல்லாத்துக்கும்.”

“புரியலையே.”

“அதுல இருக்கற ‘இல்லை’ ரெண்டும் கேள்வி இல்லை சார். எங்கண்ணன் சொன்ன பதில். தனித்தனி வரியில இருந்துச்சு.”

அவர் மறுபடி வாசித்தார், இந்த முறை உதடு மட்டும் அசைய.

“பக்கம்ங்கறது கண்ணுக்கு” என்றாள் பூங்கோதை. “எங்க வரி முடியணும், எது நீலம், எது கறுப்புன்னு உள்ளுக்குள்ள குறி போட்டு வச்சிருக்கும். அக்காவுக்குக் கண்ணு கிடையாது, வெறும் எழுத்துதான் வேணும். அதனால நம்ம ஜாவா புரோகிராம் குறியெல்லாம் உரிச்சுப் போட்டுட்டு எழுத்தை மட்டும் எடுக்குது. உரிக்கும்போது வரி முடியற இடத்தையும் சேர்த்து உரிச்சிடுது. எல்லாம் ஒட்டிப்போய் ஒரே வரியாப் போகுது.”

“கேள்விக்குறி எங்க?”

“நீலத்துல இருந்தாலே கேள்விதானேன்னு யாரும் போடலை. இப்ப நீலமும் போச்சு.”

“உங்க ஊர்ல இல்லீங்கன்னுதான சொல்லுவீங்க? ‘கொடுத்ததா இல்லீங்க சொன்னீர்களா’ன்னு இருந்தா ஒருத்தனும் மாத்திப் படிக்க மாட்டானே.”

“குரலை எழுத்தாக்கறப்பவே ‘ங்க’வை வெட்டிடுது. எழுத்துத் தமிழ் ஆக்கறோமில்ல.” தாளில் இருந்த ‘இல்லை’ மேல் விரல் வைத்தாள். “மரியாதைக்குச் சொன்ன ரெண்டு எழுத்து சார். அது மிஞ்சியிருந்தா அவரு தப்பிச்சிருப்பாரு.”

பெனடிக்ட் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “வடக்க இந்தியில இதே புரோகிராம்தான் ஓடுது. அங்க ஒரு புகாரும் வரலையே.”

“அங்க மறுக்கறதுக்கு ஒரு சொல்லு, இதா அதான்னு கேக்கறதுக்கு வேற சொல்லு. ஒட்டினாலும் தெரிஞ்சிடும். டீயா இல்லை காப்பியான்னு கேக்கறவங்க நாமதான்.”

“சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?”

“வரி முடியற இடத்துல எல்லாம் முதல்ல ஒரு அடையாளம் வச்சுட்டு, அப்புறம் உரிச்சா, அடையாளம் தங்கிடும். அதை மறுபடி வரியா மாத்திக்கலாம். டீ ஆறறதுக்குள்ள ஆயிடும்.”

“பழசு?”

“தேடிப் பார்த்தேன் சார். ‘இல்லை’ன்னு சொல்லி உள்ள போனவங்களை மட்டும் சேர்த்தா ஒரு ஊரு வரும்.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“கோதை, புதுசுக்கு மட்டும் போடு.”

“சார்?”

“பழசு அத்தனையும் தப்புன்னு நாம சொன்னா நாளைக்கே அக்காவை நிறுத்திடுவாங்க. கம்பெனிக்காரங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. அப்புறம் யாரு வருவா? ஏட்டு வருவான். உங்கப்பா கிணறு வெட்டப் போய்ச் செத்தப்ப ஸ்டேஷன்ல என்ன எழுதினாங்கன்னு நீதானே சொன்ன?”

“குடிச்சிட்டு விழுந்தான்னு.”

“குடிப்பாரா?”

“டீக்கு மேல எதையும் தொட்டதில்லை.”

“அப்ப யோசி.”

“உள்ள இருக்கறவங்க, சார்?”

“ஒவ்வொருத்தரா, சத்தமில்லாம ஏதாவது பண்ணலாம். முதல்ல உங்க அண்ணன். மறு வாக்குமூலம்னு ஒண்ணு சட்டத்துல இருக்கு, ஒரே ஒரு தடவை. போன்ல கேட்டது பதிஞ்சு வச்ச கேள்வி மட்டும்தான், பதிலைப் புரிஞ்சுக்காது; இதுல அது வராது. முடிவு எழுதினவளே நேர்ல கேப்பா. அதுவும் நம்ம வழியாத்தான் போகுது. வரியைச் சரி பண்ணு, அவரை உக்கார வை. வெளிய வந்துடுவார்.”

அவள் தலையாட்டினாள். அந்த ஊரே உள்ளே இருக்கிறது என்று தெரிந்துதான் ஆட்டினாள். அண்ணன் ஒருத்தன் வெளியே வந்தால் போதும் என்று அப்போது பட்டது.

கதவைத் திறந்து அவள் வெளியே போகும்போது பெனடிக்ட் சொன்னார், அவளிடம் சொன்னாரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை: “அவ படிச்சதுதான் அவளுக்குத் தெரியும்.”

வரியைச் சரி செய்தாள். அண்ணனின் பழைய பக்கத்தையே போட்டுப் பார்த்தாள். உரித்த பிறகும் ஒவ்வொரு வரியும் தனித்தனியே நின்றது, நாற்று நட்ட மாதிரி. மனசுப் பாரம் இறங்கியது. அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறு வாக்குமூலம் வியாழக்கிழமை காலை, தொழிலாளர் அலுவலகத்தில். சாட்சிக் கூண்டு என்று அங்கே சொல்வது ஒரு கண்ணாடி அறையைத்தான். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி. வெளியே பெஞ்சு. பெஞ்சுக்கு எதிரே ஒரு திரை, உள்ளே பேசுவது எழுத்தாகத் தெரிவதற்கு. சத்தமும் வெளியே கேட்கும். வெளியே பேசுவது உள்ளே கேட்காது. சைகை காட்டினால் வாக்குமூலம் செல்லாது என்று சுவரில் எழுதியிருந்தார்கள்.

இறந்தவரின் வீட்டாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது விதி. தெய்வானை வந்திருந்தாள். பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மயில்சாமி துவைத்த வேட்டி கட்டியிருந்தார். “எப்படிப் பேசறது அம்மிணி?”

“பழையபடியே பேசுண்ணா. ஒரு வார்த்தைகூட மாத்தாத. கோளாறு நம்மகிட்ட இருந்துச்சு, சரி பண்ணியாச்சு.”

“இல்லீங்கன்னு சொல்லலாமில்ல?”

“தாராளமாச் சொல்லு.”

உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

“வணக்கம், மயில்சாமி. ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம்.” அதே குரல், அதே கனிவு. “கம்பெனி கயிறு கொடுத்ததா?”

“இல்லீங்க.”

திரையில் கேள்வி ஒரு வரியில் வந்தது. அதன் கீழே, தனி வரியில், ஒட்டாமல்:

இல்லை

பூங்கோதை மூச்சு விட்டாள்.

அடுத்த கேள்வி வரவில்லை.

மயில்சாமி ஒலிவாங்கியைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே தங்கையைப் பார்த்தார்.

“சொல்லுங்கள்” என்றாள் அக்கா.

“சொல்லிட்டனுங்க. இல்லீங்க.”

“இல்லை…?” குரல் கடைசியில் லேசாக மேலே ஏறியது. பாதிப் பேச்சில் நின்றவனை மேலே பேசச் சொல்லி ஊக்குவிப்பது மாதிரி.

“குடுக்கலீங்க தாயி. கம்பெனி கயிறே குடுக்கல. நான் கேட்டு ஆளனுப்புனேன்.”

“விளக்கம் வேண்டாம். ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். கம்பெனி கயிறு கொடுத்ததா?”

“இல்லீங்க.”

“கேட்டுக்கொண்டிருக்கிறேன். மீதியைச் சொல்லுங்கள்.”

பூங்கோதை எழுந்து வராந்தாவுக்கு ஓடினாள். பெனடிக்ட்டுக்குப் போன் போட்டாள்.

“சார், வரி சரியா வருது. தனி வரியில நிக்குது. அவளுக்குப் புரியலை. ‘இல்லை’ன்னு சொன்னா மீதி என்னன்னு கேக்கறா.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“சார்!”

“இத்தனை வருஷம் ஒட்டின வரியைத்தானே படிச்சா, கோதை. படிச்சுப் படிச்சுத்தானே வளர்ந்தா. கூலிக்காரன் வாயில ‘இல்லை’ன்னு வந்தா பின்னாடி இன்னொண்ணு வரும், கடைசியில ஒரு ஆமாம் வரும். அவளுக்குத் தெரிஞ்ச தமிழ் அதுதான்.”

“கம்பெனிக்காரங்களும்தான் இல்லைன்னு சொல்றாங்க. அதைச் சரியாத்தான எடுத்துக்கறா?”

“அவங்களுக்கு வக்கீல் எழுதித் தர்றான். ஒவ்வொண்ணுக்கும் முற்றுப்புள்ளி இருக்கும். அவங்க இல்லைன்னா அவளுக்கு நல்லாப் புரியும்.”

“உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“தோணிச்சு.”

“தோணினா சொல்லியிருக்கலாமில்ல? வேற மாதிரிப் பேசச் சொல்லியிருப்பனே. நானே பழையபடி பேசுன்னு சொல்லி உள்ள அனுப்பினேன் சார்.”

“வேற எப்படிப் பேசுவாரு? ரெண்டே சொல்லுதான் சொல்ல விடுவா. அதுல ஒண்ணு அவளுக்குத் தெரியாது.”

அவள் போனை அணைக்காமலே திரும்பி வந்தாள். திரையில் ‘இல்லை’ கீழே கீழே இறங்கியிருந்தது. ஒவ்வொன்றும் தனி வரி. ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அவள் சரி செய்தது சரியாகவே வேலை செய்தது.

உள்ளே மயில்சாமியின் கழுத்து வியர்வை வேட்டி மடிப்பு வரை இறங்கியிருந்தது. தொட்டி மேட்டில் கொக்கி போட்டு நாச்சிமுத்துவை இழுத்த அன்றுகூட அவர் இப்படித் திணறியிருக்க மாட்டார். அன்றைக்குக் கைக்கு ஒரு பாரமாவது கிடைத்தது.

கண்ணாடியைத் தட்டப் பூங்கோதை கையைத் தூக்கினாள். சுவரில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. கை இறங்கியது.

தெய்வானை அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். இப்போது அவள் குரலில் கோபம் குறைந்திருந்தது, சந்தேகம் போகவில்லை.

“ஏன் அம்மிணி இப்படி இழுக்கறாரு? நெசம்னா பட்டுனு சொல்லிட்டு வர வேண்டியதுதான?”

“சொல்லிட்டாருங்க.”

“என்ன சொன்னாரு? நானும் கேட்டுட்டுத்தான இருக்கேன். இல்லீங்க, இல்லீங்கறாரு. அக்கா கேக்கறா, மேல சொல்ல மாட்டேங்கறாரே.”

பூங்கோதை அவள் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தெய்வானை உண்மையாகவே மீதிக்காகக் காத்திருந்தாள்.

“கயிறு குடுத்தாங்களான்னு கேட்டதுக்கு இல்லைங்கறாருங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது.”

“அவ்வளவுதான்னா அக்காளுக்குத் தெரியாதா?”

ஒலிபெருக்கி மெல்லக் கரகரத்தது.

“மயில்சாமி, உங்களுக்கான நேரம் முடிகிறது. நீங்கள் பதிலை முடிக்கவில்லை. முடிக்காத பதிலை ஆமாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?”

மயில்சாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை அவர் ‘ங்க’ போடவில்லை. மரியாதை எல்லாம் போய், தொண்டை நரம்பு புடைக்க, கண்ணாடி அதிரக் கத்தினார்.

“இல்லை!”

திரையில் அது தனி வரியில் வந்து நின்றது.

அக்கா பொறுமையாகக் காத்திருந்தாள்.